ஆகஸ்டில் எட்டு இரவு இலங்கை: எங்கே தங்குவது, எதை விடுவது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான், கணவர், பன்னிரண்டு வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா என்று நான்கு பேர். ஆகஸ்டில் எட்டு இரவு கையில் இருக்கிறது. மதுரையில் ஒரு பயண முகவர் போட்டுக் கொடுத்த திட்டம் இது: கொழும்பு, சீகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, மிரிஸ்ஸ, மறுபடி கொழும்பு. ஊருக்கு ஓர் இரவு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சுத்த சைவம். மகனுக்கு யானை பார்க்க வேண்டும். எனக்குக் கடல். கணவரைக் கேட்டால், எங்கேயாவது ஒரு நாற்காலியைப் போட்டு நல்ல தேநீர் கொடுத்தால் போதும் என்கிறார். இந்தத் திட்டம் சரியா? தங்குமிடங்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா, போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

சக்கரக்கால் எழுதியது:

தாராளமாகப் போகலாம். பிப்ரவரியில் நாங்கள் ஏறக்குறைய இதே வட்டத்தைத்தான் ஏழு இரவில் முடித்தோம். ஒரு வான், ஒரு ஓட்டுநர், எல்லா ஊரிலும் முன்பதிவு செய்த அறை. முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல திட்டம் கிடையாது. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகில் போகத் தவறாதீர்கள். வாழ்நாள் அனுபவம்.

நல்லூர்வீதி எழுதியது:

தங்கச்சி, அந்த முகவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆகஸ்டில் மிரிஸ்ஸவில் யார் கடலில் இறங்குகிறார்கள்?

இலங்கை சின்னத் தீவுதான், ஆனால் அதற்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும், மலையின் மேற்குச் சரிவில் மழை விடாது. அதே மாதங்களில் கிழக்குக் கரை வெயிலும் அமைதியுமாக இருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். மிரிஸ்ஸத் திமிங்கிலப் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மேலே எழுதிய தம்பி பிப்ரவரியில் போனவர், அவருக்கு அது பொருந்தியது. உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. எட்டு இரவில் எட்டுத் தடவை பெட்டி கட்டினால் அதற்குப் பெயர் சுற்றுலா இல்லை, வீடு மாற்றுவது. முழங்கால் வலி உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

என்னைக் கேட்டால் இந்த முறை தெற்கை மறந்துவிடுங்கள். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணம் பலாலிக்கு நேரடி விமானம் வந்துவிட்டது. அட்டவணை அவ்வப்போது மாறும், பார்த்துப் பதிவு செய்யுங்கள். வடக்கில் இறங்கி, கிழக்கே சாய்ந்து, நடுவில் யானையைப் பார்த்துவிட்டுக் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் வழியாக வீட்டுக்குப் போங்கள். கொழும்பிலிருந்து மதுரைக்கே விமானம் இருக்கிறது.

சக்கரக்கால் எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, திமிங்கிலத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் கண்டி, நுவரெலியா, எல்ல ரயில் ஆகிய எதையும் பார்க்காமல் திரும்புவதா? இலங்கை என்று சொன்னதும் எல்லோர் மனத்திலும் வருவது அந்த நீல ரயில்தானே. யாழ்ப்பாணம் தட்டை நிலம், பனைமரம், வெயில். அது நம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறதே.

நல்லூர்வீதி எழுதியது:

தம்பி, ராமநாதபுரத்தில் நெடுந்தீவு இருக்கிறதா? பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலி, ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் சந்ததி காட்டுக் குதிரையாகத் திரிகிற வெளி, பெருக்குமரம். சரி, அது போகட்டும். ஆகஸ்டில் அந்தப் பக்கம் கடல் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், நானே அம்மாவை அங்கே அனுப்பமாட்டேன்.

ஆனால் யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழா? ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறும். இருபத்தைந்து நாள் நடக்கும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான், பல காலமாக அப்படியே. ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், அமைச்சராக இருந்தாலும் சரி. சுற்றியுள்ள வீதிகளில் அந்த நாட்களில் வாகனம் விடமாட்டார்கள். அதனால் முழங்கால் வலிக்காரருக்கு ஒரே வழி, கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குவது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் அந்த மாதம்தான் ஊருக்கு வரும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கதை அங்கே நடக்காது. இன்றைக்கே அறை எடுத்துவிடுங்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

நான் பதுளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். நீல ரயிலைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் மண்சரிவில் சிக்கியது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று ரயில்வே திணைக்கள அறிவிப்பைப் பார்க்காமல் யாரும் கண்டி - எல்ல பயணத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஓடுகிற காலத்திலும் ஒதுக்கப்பட்ட இருக்கைகள் முப்பது நாளுக்கு முன் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். பிறகு வெளியே பல மடங்கு விலைக்கு விற்பார்கள். வாங்காதீர்கள். ஒதுக்கீடு இல்லாத பெட்டிக்கு அன்றே நிலையத்தில் சீட்டு எடுக்கலாம், ஆனால் ஆறேழு மணி நேரம் அம்மா நிற்க நேரிடலாம்.

மலைக்கு வந்தே தீர வேண்டும் என்றால் ஆகஸ்டில் நுவரெலியாவை விட்டுவிட்டு ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று கிழக்குச் சரிவுக்கு வாருங்கள். மேற்கில் கொட்டுகிற மழை எங்கள் பக்கம் வரும்போது வெறும் காற்றாகிவிடும். அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிக்கும் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. உங்கள் கணவர் கேட்ட தேநீர் அதுதான்.

தங்குமிடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துரை பங்களாக்கள் பல இப்போது விடுதிகளாகிவிட்டன. புல்வெளி, கணப்படுப்பு, வெள்ளைச் சட்டை போட்ட பணியாளர் என்று அழகாகத்தான் இருக்கும். அங்கிருந்து கீழே பார்த்தால் தகரக் கூரை போட்ட லயன்கள், அதாவது தொழிலாளர் குடியிருப்புகள், வரிசையாகத் தெரியும். இந்த மலையை வெட்டிச் செடி நட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பங்களாவில் தங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் பேசுகிற நீங்கள் வந்து, வேலை செய்துகொண்டிருக்கிற பெண்ணின் கூடையை வாங்கி முதுகில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போகும்போது எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். எந்த ஊரிலிருந்து உங்கள் முன்னோர் வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை என்று ஒரு பெயர் வரும்.

கடலோடி77 எழுதியது:

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போகலாமே? விமானம் எதற்கு?

நல்லூர்வீதி எழுதியது:

போகலாம். காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை. வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள். ஆகஸ்டில் பிரச்சினை இல்லை, ஆனால் கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேண்டாம்.

கோணமலைக்காரி எழுதியது:

திருகோணமலையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை என்பதால் நான் வருகிறேன்.

கடல் வேண்டும் என்ற அக்காவுக்கு ஆகஸ்டில் எங்கள் ஊரைத் தவிர வேறு ஊர் தேவையில்லை. உப்புவெளி, நிலாவெளி என்று இரண்டு கரை. உப்புவெளி நகரத்துக்குப் பக்கம், ஆட்டோ எந்நேரமும் கிடைக்கும், சிறிய விருந்தினர் இல்லங்கள் அதிகம். நிலாவெளி வடக்கே தள்ளி இருக்கிறது. மணல் அகலம், கூட்டம் குறைவு, பெரிய ஹோட்டல்கள் அங்கேதான். புறாத்தீவுக்குப் படகு அங்கிருந்தே கிளம்பும். அது தேசியப் பூங்கா, நுழைவுச் சீட்டு உண்டு. முகமூடி மாட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் குனிந்தாலே பவளப்பாறையும் குட்டிச் சுறாவும் தெரியும். அந்தச் சுறா பொதுவாகக் கடிக்காது, மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எந்தப் படகுக்காரர் கூட்டிப்போனாலும் பவளத்தின் மேல் கால் வைக்க வேண்டாம். காலைப் படகில் போங்கள், மதியத்துக்குள் தீவு சந்தைக்கடை ஆகிவிடும்.

அம்மாவுக்குத் திருக்கோணேச்சரம். சம்பந்தர் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் இடத்தில், கடலுக்கு மேலே நிற்கும் பாறை உச்சியில் இருக்கிறது. கோட்டைக்குள் புகுந்துதான் போக வேண்டும், வழியெல்லாம் புள்ளிமான்கள் உலாவும். ஆட்டோ கோயிலுக்குப் பக்கத்திலேயே விடும். மாலைப் பூசைக்குப் போய்விட்டு இராவணன் வெட்டு பக்கம் நின்று கீழே பார்த்தால் எனக்கு இன்றும் தலை சுற்றும், இத்தனைக்கும் நான் அங்கேயே வளர்ந்தவள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்க்கலாம். ஏழு கிணறு, ஏழும் வேறு வேறு சூடு. ஆனால் வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான், நீச்சல் குளம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு குடும்பமாக உட்கார்ந்து பேசினோம். முகவரின் திட்டத்தைக் கைவிட்டோம். புதிய திட்டம்: யாழ்ப்பாணம் மூன்று இரவு, திருகோணமலை இரண்டு, சீகிரியாவுக்குப் பக்கத்தில் ஹபரணை இரண்டு, கடைசி இரவு விமான நிலையம் பக்கம் நீர்கொழும்பில். கணவர் மலையை விட்டுக்கொடுத்தார். கொஞ்சம் முகம் வாடியது.

சந்தேகங்கள்: பெரிய ஹோட்டலா, ஹோம்ஸ்டேயா? சீகிரியாவில் அம்மா என்ன செய்வார்?

சாவிக்கொத்து எழுதியது:

கண்டியில் பதினொரு ஆண்டு விருந்தினர் இல்லம் நடத்தி மூடியவன் நான், அதனால் இனி உண்மையைச் சொல்லலாம்.

படத்தை நம்பாதீர்கள். நானே சுற்றுலா போனபோது, பள்ளத்தாக்கைப் பார்த்த அறை என்று பதிவு செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. பள்ளத்தாக்கு மொட்டை மாடியிலிருந்து தெரிந்ததாம். பதிவு செய்யும் முன் உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள்: அறை எந்த மாடியில், எத்தனை படி, கழிப்பறை மேற்கத்திய முறையா, சுடுநீர் நாள் முழுவதும் வருமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா. அம்மாவுக்குத் தரைத்தள அறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எழுதாத இடத்தில் தங்காதீர்கள்.

ஹோட்டல் என்றால் விலைப் பட்டியலின் அடியைப் பாருங்கள். பத்து சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீத வாட் வரியும் மேலே ஏறும். சேர்த்துச் சொன்ன விலையா என்று கேட்டுவிடுங்கள்.

வானும் ஓட்டுநரும் எடுத்தால் ஓட்டுநருக்கு இரவு தங்க இடம் வேண்டும். ஹோட்டல்களில் பெரும்பாலும் அதற்கென அறை இருக்கும், ஹோம்ஸ்டேயில் இருக்காது. அந்தச் செலவு யாருடையது என்று முதல் நாளே பேசுங்கள், இல்லாவிட்டால் அந்த மனிதர் வானிலேயே தூங்கிவிட்டு மறுநாள் உங்களை ஓட்டிப்போவார். வழியில் வாசனைத் திரவியத் தோட்டம், இரத்தினக்கல் கடை என்று நிறுத்தினால் அங்கே அவருக்குக் கமிஷன் உண்டு என்று அர்த்தம். கோபப்பட வேண்டியதில்லை, வேண்டாம் என்று சிரித்துச் சொன்னால் போதும்.

என் வாக்கு: யாழ்ப்பாணத்தில் வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டே, திருகோணமலையில் கடற்கரை ஹோட்டல். ஹபரணையில் எதுவானாலும் பரவாயில்லை, ஆனால் இரவில் சாலையில் நடக்காதீர்கள். யானை வரும்.

கல்வெட்டுப்பித்து எழுதியது:

சீகிரியா: பாறை சுற்றுப்புறத்திலிருந்து ஏறக்குறைய 180 மீட்டர் உயரம், ஏறக்குறைய 1,200 படி. அம்மா கீழே உள்ள நீர்த்தோட்டங்களில் நடக்கலாம், அது சமதளம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் போட்ட தோட்டம், நடந்து பார்க்கத் தகும். உச்சி வேண்டுமானால் கணவரும் மகனும் காலை திறந்தவுடன் ஏறிவிட வேண்டும். வெயில் ஒரு காரணம், குளவி இன்னொரு காரணம். கூச்சல் போட்டால் கூடு கலையும்.

ஆனால் ஹபரணையில் இரண்டு இரவு இருந்துகொண்டு பொலனறுவைக்குப் போகாவிட்டால் நான் உங்களோடு பேசமாட்டேன். சோழர் ஆண்டபோது அதன் பெயர் சனநாதமங்கலம். 1070 வரை அவர்கள் கையில் இருந்தது. அங்கே இரண்டாம் சிவாலயம் என்று பலகை வைத்திருக்கும் கோயிலின் பழைய பெயர் வானவன்மாதேவி ஈசுவரம். அந்த நகரில் இன்னும் நிமிர்ந்து நிற்கும் கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. தஞ்சைப் பக்கத்துக் கோயில் ஒன்றைப் பெயர்த்து அங்கே வைத்ததுபோல் இருக்கும். சுவரில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் உங்கள் மகன் எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்வான், விட்டுவிடுங்கள். கல் விகாரையில் ஒரே பாறையில் குடைந்த புத்தர் சிலைகள். அங்கே செருப்பு போட முடியாது, கல் கொதிக்கும். நால்வருக்கும் தடித்த காலுறை எடுத்துப் போங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தால் காவலர் வருவார்.

பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். இந்த இரண்டு இடங்களிலும் இந்தியர் உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

சக்கரக்கால் எழுதியது:

யானைக்கு மின்னேரியா தேசியப் பூங்கா. ஆகஸ்டில் குளம் வற்றி நடுவில் புல் முளைக்கும், கூட்டம் கூட்டமாக வரும். யாலவுக்குப் போகாததை மகன் கேட்கவே மாட்டான். (பார்த்தீர்களா, நானும் மாறிவிட்டேன்.)

கோணமலைக்காரி எழுதியது:

மின்னேரியா என்று முன்பே முடிவு செய்யாதீர்கள். குளத்தில் தண்ணீர் நின்றால் யானைகள் கவுடுல்லவுக்கோ ஹுருலுவுக்கோ போய்விடும். மூன்றும் ஹபரணையிலிருந்து எட்டும் தூரம்தான். அன்று மதியம் ஜீப்காரரிடம் யானை எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டுச் சீட்டு எடுங்கள்.

நல்லூர்வீதி எழுதியது:

அம்மாவின் சாப்பாட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் கவலை இல்லை, திருவிழாக் காலத்தில் பாதி ஊர் சைவம். ஹபரணைப் பக்கம் கவனம். தேங்காய்ச் சம்பலைப் பார்த்தால் சைவம்போல் இருக்கும், உள்ளே மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள். பருப்பிலும் சில இடத்தில் போடுவார்கள். மீன் வேண்டாம் என்று சொன்னால் போதாது. அதை அவர்கள் மீன் என்றே எண்ணுவதில்லை. மாசியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். சிங்களத்தில் உம்பலகட.

வைகைக்கரை எழுதியது (செப்டம்பர்):

திரும்பி வந்துவிட்டோம். கேட்டவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டாமா, அதனால் எழுதுகிறேன்.

நல்லூரில் கோயிலுக்கு மிகப் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளம் கிடைத்தது. வீட்டு அம்மாவும் என் அம்மாவும் முதல் நாள் மாலையே திண்ணையில் உட்கார்ந்து கதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கதைக்க என்ற சொல்லை என் அம்மா இப்போது மதுரையிலும் பயன்படுத்துகிறார். மூன்று இரவும் போதவில்லை. நயினாதீவுக்குப் போனோம், குறிகட்டுவான் படகுத்துறையில் ஒரு படகைத் தாண்டி இன்னொரு படகில் ஏற வேண்டியிருந்தது. இரண்டு இளைஞர்கள் அம்மாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் முன்னால் கணவர் வெகுநேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

திருகோணமலையில் எங்கள் ஹோட்டல் சுமார்தான். ஏசி முதல் இரவு வேலை செய்யவில்லை, அறையை மாற்றித் தர மறுநாள் மதியம் ஆகிவிட்டது. கடல் அதற்கு ஈடு கட்டியது. மகன் சுறாவைப் பார்த்துவிட்டான், இனி யானை பெரிதில்லை என்றான். மறுநாள் கவுடுல்லவில் எண்பது வரை எண்ணிவிட்டு அந்தப் பேச்சை வாபஸ் வாங்கினான். (மின்னேரியாவில் தண்ணீர் நின்றிருந்தது. கோணமலைக்காரிக்கு நன்றி.)

பொலனறுவையில் காலுறை போட்டும் சுட்டது. சிவாலயத்தில் மகன் முதல் வரியில் மூன்று எழுத்து படித்தான். மூன்றும் சரியா என்று எனக்குத் தெரியாது.

தவறு என்றால் ஒன்றுதான்: நீர்கொழும்பு இரவு வீண். அதையும் யாழ்ப்பாணத்திலேயே கழித்து, அங்கிருந்தே திரும்பியிருக்கலாம்.

கொழுந்துக்கூடை எழுதியது:

அண்ணனுக்குத் தேநீர் கிடைத்ததா?

வைகைக்கரை எழுதியது:

ஹபரணையில் விடுதித் தாழ்வாரத்தில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. நாங்கள் ஜீப்பில் போன நான்கு மணி நேரமும் அவர் அதை விட்டு எழவில்லையாம். விமான நிலையக் கடையில் ஊவா என்று எழுதியிருந்த பொட்டலம் ஒன்று வாங்கினார். பால் ஊற்றாமல்தான் குடிக்க வேண்டும் என்று இங்கே வீட்டில் தினமும் எங்களுக்குப் பாடம் நடக்கிறது. பொட்டலம் தீரப்போகிறது. ஹப்புத்தளையில் எந்த மாதம் அறை மலிவு என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.